கத்தரி நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரிதான் கிடைக்கவில்லை

பேட்டரியில் இயங்கும் தோட்டக் கருவிகளைத் தயாரிக்கும், இறக்குமதி செய்யும், கடையிலும் இணையத்திலும் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைப் பக்கத்தில் ரோஜாவும் கொஞ்சம் மாவும் வைத்திருக்கும் விவசாயி நான். உங்கள் கருவிகள் மோசம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவை நல்ல கருவிகள் என்பதால்தான் எழுதுகிறேன். இரண்டு பருவம் உழைத்த, செடியின் கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்யும் கத்தரியின் கத்தி இன்னும் கூர் மங்காமல் இருக்கிறது, மோட்டார் சுற்றுகிறது, பிடி உடையவில்லை. பேட்டரி மட்டும் உயிர்விட்டுவிட்டது. அதற்கு மாற்று பேட்டரி எங்கும் இல்லை. வாங்கிய இணையதளத்தில் அந்தக் கத்தரியின் பக்கமே இப்போது இல்லை. கடைக்குப் போனால், "அந்த மாடல் இப்போது வருவதில்லைங்க அக்கா, புதிதாகவே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். அவரைக் குறைசொல்ல முடியாது. உங்களிடமிருந்து அவருக்கு வந்தால்தானே எனக்குத் தருவார்.

இந்தக் கருவிகள் எங்களுக்கு என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியவேண்டும். ரோஜாவுக்கும் மாவுக்கும் கவாத்து இல்லாமல் விளைச்சல் இல்லை. கைக்கத்தரியால் நாள் முழுக்கக் கவாத்து செய்யும் பெண்களுக்குக் கட்டைவிரலின் அடியில் கொப்புளம் கட்டும், மணிக்கட்டு வீங்கும். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கி இறக்கக்கூடக் கை ஒத்துழைக்காது. பேட்டரி கத்தரி வந்த பிறகு விசையை அழுத்தினால் போதும். மருந்து அடிக்கும் ஸ்ப்ரேயரிலும் இதே மாற்றம்தான். முதுகில் 16 லிட்டர் சுமையோடு ஒரு கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே நடந்த காலம் போய்விட்டது. பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தின் புகையையும் இரைச்சலையும் ஒரு நாள் முழுக்கத் தாங்கியவர்கள் பேட்டரி இயந்திரத்தை எவ்வளவு ஆசையாகக் கையில் எடுப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஓசூரில் வீட்டுத் தோட்டங்களுக்கும் புல்தரைகளுக்கும் வேலைக்குப் போகும் தோட்டக்காரர்களும் இப்போது இவற்றைத்தான் வண்டியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு பேட்டரி செத்தால் அன்றைய கூலியும் போயிற்று. சலித்துப்போய்ப் பழையபடி பெட்ரோல் இயந்திரத்துக்குத் திரும்பியவர்களையும் நான் அறிவேன். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

மாற்று பேட்டரி கிடைத்துவிட்டாலும் பாடு தீர்வதில்லை. உறையின் மேல் நீங்கள் அச்சடிக்கும் எண்களை வைத்து எதையும் தீர்மானிக்க முடியவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு லித்தியம் அயான் செல்லின் இயல்பான மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்களைத் தொடராக இணைத்துக் கட்டிய பேக் 18 வோல்ட். முழு சார்ஜில் 21. ஆகவே 18 என்று போட்ட பேக்கும், 20 என்று போட்ட பேக்கும், 21 என்று போட்ட பேக்கும் உள்ளே ஒன்றே. இந்த வேறுபாட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். மலிவு விலைக் கருவிகளில் 48 என்றும் 88 என்றும் பெரிய எழுத்தில் போட்டு, வோல்ட் என்றே நினைக்கும்படி பக்கத்தில் சிறிதாக இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து விற்கிறீர்களே, அது என்ன நியாயம்? அப்படிப்பட்ட பேக்குகளைத் திறந்தால் அதே ஐந்து செல் தொடர்தான் இருக்கிறது. உண்மையில் 48 வோல்ட் வேண்டுமானால் 13 செல்களைத் தொடராக வைக்க வேண்டும். 88 வோல்ட்டுக்கு, முழு சார்ஜைக் கணக்கில் எடுத்தாலும், 21 செல்கள் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பேக்குக்குள் அது எப்படி நுழையும்? எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்று சொல்லும் ஆம்பியர்-மணிக் கணக்கும் இப்படித்தான். விரலைவிடச் சற்றுத் தடித்த 18650 வகைச் செல்களில் நல்லதே சுமார் 3.5 ஆம்பியர்-மணிதான் தாங்கும். ஐந்து செல் தொடரில் அதற்கு மேல் வராது. ஆனால் அட்டையில் 10 என்று இருக்கும். மாற்று பேட்டரி தேடும் விவசாயி இந்த எண்களை நம்பித்தான் பணம் கட்டுகிறார். மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட்-மணி எவ்வளவு, உள்ளே எத்தனை செல், எந்த வகை என்று மூன்றே விவரங்களை உண்மையாகப் போடுங்கள். மற்ற அலங்காரங்கள் எங்களுக்கு வேண்டாம்.

சார்ஜர் விஷயம் இதைவிட மோசம். இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முன்பு வந்த ஸ்ப்ரேயர்களில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருந்தது. அதன் சார்ஜர் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை ஏற்றும். இப்போது அதே உருவத்தில், அதே 12 வோல்ட் என்ற பெயரில், மூன்று லித்தியம் செல் வைத்த ஸ்ப்ரேயர்களும் வருகின்றன. அவற்றின் எல்லை 12.6 வோல்ட். லித்தியத்திலேயே இன்னொரு வகையான இரும்பு-பாஸ்பேட் செல் நான்கு வைத்தவையும் உண்டு, அவற்றுக்கு 14.6. கத்தரிகளுக்கு 16.8, அல்லது 21. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உருண்டைப் பின். எந்தச் சார்ஜரும் எந்தத் துளையிலும் நுழைந்துவிடும். வீட்டில் ஒரு பலகையின் மேல் மூன்று நான்கு கறுப்புச் சார்ஜர்கள் கிடந்தால், விடிகாலையில் அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதைத்தான் செருகுவார்கள். பழைய ஈய-அமிலச் சார்ஜரை மூன்று செல் லித்தியத்தில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டி 4.8 வரை தள்ளப்படும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை என்ற மின்சுற்று நல்லதாக இருந்தால் துண்டித்துவிடும். மட்டமானதாக இருந்தால் செல் உப்பும், தீப்பற்றும். அதுவும் மருந்துப் புட்டிகளும் காய்ந்த சருகும் இருக்கும் மோட்டார் அறையில். மாறாக, லித்தியத்துக்கான 12.6 வோல்ட் சார்ஜரை ஈய-அமில பேட்டரியில் போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் பேட்டரி ஒருபோதும் நிறையாது. தகடுகளில் சல்பேட் படிந்து சீக்கிரமே செத்துவிடும். அப்போது விவசாயி பேட்டரியைத் திட்டுகிறார், கடைக்காரர் விவசாயியைத் திட்டுகிறார். வேறு வேறு மின்னழுத்தத்துக்கு வேறு வேறு பின் வைக்க உங்களுக்கு எவ்வளவு செலவாகும்? சார்ஜரின் மேலும் கருவியின் துளைக்கு அருகிலும் ஒரே நிறத்தில் ஒரு பொட்டு வைத்து, எண்ணைத் தமிழில் பெரிதாக எழுத எவ்வளவு செலவாகும்?

விவசாயக் கருவி என்பது ஆண்டில் பல மாதம் சும்மா கிடக்கும் பொருள். கவாத்து முடிந்தால் கத்தரிக்கு ஓய்வு. இந்த ஓய்வில்தான் பேட்டரிகள் சாகின்றன. ஈய-அமில பேட்டரியை முழுதாக நிரப்பித்தான் எடுத்து வைக்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியத்துக்கு நேர்மாறு: பாதியளவு சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முழுதாக நிரப்பி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் அதன் ஆயுள் குறையும். முற்றிலும் தீர்ந்த நிலையில் வைத்தாலோ, பாதுகாப்புப் பலகை இழுக்கும் சிறு மின்சாரத்திலேயே செல்கள் அடிமட்டத்துக்கும் கீழே போய், பிறகு சார்ஜர் அதை ஏற்காது. வேலை முடிந்து சூடாக இருக்கும் பேக்கை உடனே சார்ஜில் போடவும் கூடாது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லைக் கெடுக்கும். இவற்றை எனக்குச் சொன்னது உங்கள் பெட்டிக்குள் இருந்த தாள் அல்ல. அந்தத் தாள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. தமிழ்நாட்டில் விற்கும் கருவிக்கு ஒரு பக்கம் தமிழ் வேண்டாமா?

"கழற்றி, செல் மாற்றிக்கொள்ளலாமே" என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் மாவட்டம் இது. பேட்டரியைப் புரிந்துகொண்ட பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் பேக்கின் உறையைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறீர்கள். உள்ளே எந்த வகைச் செல், எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்ற விவரம் தருவதில்லை. கத்தரி கிளையைக் கடிக்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தை டார்ச் விளக்குக்கான செல் தாங்காது. விவரம் இல்லாமல் கட்டும் பேக் சூடேறி எரிந்தால், பழுதுபார்த்தவரின் மேல்தான் பழி விழும். திருகாணி போட்ட உறையும் ஒரு தொழில்நுட்பத் தாளும் கொடுத்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இது என் தனி ஆசை அல்ல. பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளில் உள்ள கையடக்க பேட்டரிகளைப் பயனரே எளிதாகக் கழற்றி மாற்ற முடியவேண்டும்; ஒரு மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அதன் மாற்று பேட்டரி கிடைக்கவேண்டும். உங்களில் அங்கேயும் விற்பவர்கள் இதைச் செய்யத்தான் போகிறீர்கள். அதே பேட்டரியைக் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் அனுப்புவதில் என்ன தடை? முடியாத காரியமும் அல்ல. ரியோபி நிறுவனம் 1996இல் தொடங்கிய 18 வோல்ட் வரிசையில், செல்களின் ரசாயனமே நிக்கல்-காட்மியத்திலிருந்து லித்தியத்துக்கு மாறிய பிறகும், பேட்டரி பொருந்தும் வாய் மாறவில்லை; பழைய கருவியில் புது பேட்டரி பொருந்துகிறது. பாஷும் கார்டெனாவும் வேறு சில நிறுவனங்களும் 2020இல் சேர்ந்து ஒரே 18 வோல்ட் பேட்டரியைப் பகிர்ந்துகொள்ள முடிவு செய்தன. ஒரே நிறுவனத்தின் கத்தரிக்கும் புல்வெட்டிக்கும்கூட வேறு வேறு பேட்டரி விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செத்த பேட்டரி எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஈய-அமில பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் காசு உண்டு. அதனால் அது எப்படியோ நகர்ந்துவிடும். லித்தியம் பேக்கை அங்கே யாரும் வாங்குவதில்லை. அது வேலியோரத்திலும் குப்பையிலும் கிடக்கிறது. குப்பையை எரிக்கும்போது வெடிக்கிறது. 2001ஆம் ஆண்டு விதிகள் ஈய-அமில பேட்டரிகளை மட்டுமே பற்றியவை. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளரின் மேலும் இறக்குமதியாளரின் மேலும் வைக்கின்றன. புது பேட்டரி விற்கும் கடையிலேயே பழையதை வாங்கி, விலையில் கொஞ்சம் கழித்துக் கொடுத்தால் ஒரு பேக்கும் வேலியோரம் போகாது.

இணையச் சந்தை நடத்துவோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். லித்தியம் பேக்குகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு இருக்கிறது. ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பதிவு எண்ணும் பேக்கின் மேல் இருக்கவேண்டும். அந்த எண் தெரியும் படம் இல்லாத பேட்டரியை விற்பனைக்கு வைக்காதீர்கள். 88 வோல்ட் என்று பொய் சொல்லும் பக்கங்களை நீக்குங்கள். இந்த எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்படி எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் நான் சொல்லி வருகிறேன்.

அடுத்த கவாத்துக் காலத்துக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். நீங்கள் இப்போது விற்கும் ஒவ்வொரு கத்தரிக்கும், ஸ்ப்ரேயருக்கும், புல்வெட்டிக்கும் மாற்று பேட்டரியும் சார்ஜரும் எந்த ஆண்டு வரை கிடைக்கும், என்ன விலை, கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் எந்தக் கடையில் என்று எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். அந்தச் சீட்டு உள்ள கருவியையே நான் வாங்குவேன். என்னிடம் யோசனை கேட்பவர்களையும் அதையே வாங்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ராயக்கோட்டைப் பகுதி ரோஜா விவசாயி ஒருத்தி