பொருள் வேண்டாங்க, பட்டறைக் கதவைத் திறந்து விடுங்கள்: கொங்கு மண்டலத் தொழில்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கம் ஆலையும் பட்டறையும் நடத்துகிறவர்களுக்கு, ஆய்வு நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கமுங்க.

பெருந்துறைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருடமாக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளிகளுக்கு நீங்கள் நிறையவே செய்திருக்கிறீர்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் மெஷின், கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு எல்லாம் உங்களால் வந்தவை. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இந்த முறை நான் கேட்பது பொருள் இல்லை. வரும் மே மாதத்தில் ஐந்து நாள், பத்துப் பத்து பேராக, அறிவியல் ஆசிரியர்களை உங்கள் பட்டறைக்குள்ளும் ஆய்வகத்துக்குள்ளும் விடுங்கள். வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவும், சந்தேகம் கேட்கவும், முடிந்ததைக் கையால் செய்து பார்க்கவும் விடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் காந்தவியல், மின்காந்தவியல் என்று ஒரு பாடம். அதில் மின்மோட்டார் வரும். காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு செவ்வகக் கம்பிச்சுருள், அதன் நுனியில் பிளவு வளையம், வளையத்தை உரசிக்கொண்டு இரண்டு தூரிகைகள். படத்தைப் போர்டில் வரைந்து, சுருள் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று சொல்லும் ஃபிளெமிங்கின் இடக்கை விதிக்கு விரலை விரித்துக் காட்டி, வருடா வருடம் அப்படியேதான் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா மோட்டார் வைண்டிங் கடையில் காயில் கட்டுகிறவர்.

“டீச்சர், எங்கப்பா கட்டுற மோட்டார்ல உள்ள இருக்கிற ரோட்டருக்கு கரண்டு வயரே போகாதுங்க. பிரஷ்ஷும் கிடையாதுங்க. வெளியில இருக்கிற பாடியிலதான் காயில் கட்டுவாங்க. அப்புறம் நடுவுல இருக்கிறது எப்படீங்க சுத்துது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கல்லூரியில் படித்தது விலங்கியல். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் விலங்கியல் படித்தவர் இயற்பியலும் நடத்தியாக வேண்டும், இயற்பியல் படித்தவர் இதயத்தின் அறைகளையும் நடத்தியாக வேண்டும். “நாளைக்குச் சொல்றேன் கண்ணு” என்றேன். நாளைக்கு என்றது பத்து நாளாகிவிட்டது. அந்தப் பையன் திரும்பக் கேட்கவும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை அவன் அப்பா வேலை செய்கிற கடைக்கே போய்விட்டேன்.

கடை முழுக்க வார்னிஷ் வாசனை. எரிந்துபோன மோட்டார்கள் சீட்டு கட்டித் தரையில் வரிசையாகக் கிடந்தன. அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க டீச்சர்” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஒரு மோட்டாரின் ரோட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, காயில் கட்டிய வெளிப்பாகமான ஸ்டேட்டரை மட்டும் வாய் மேலே பார்க்கும்படி மேசைமேல் நிறுத்தினார். உள்ளே ஒரு பேரிங் குண்டைப் போட்டார். வோல்டேஜை நன்றாகக் குறைத்து மூன்று பேஸையும் கொடுத்து, ஒரு குச்சியால் குண்டை லேசாகத் தட்டிவிட்டார். குண்டு உள்சுவரை ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. சுவிட்சை அணைத்து, இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றி மறுபடி போட்டார். குண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

மூன்று பேஸ் மின்சாரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும்போது, காயில் அசையாமல் இருந்தாலும் காந்தப்புலம் சுற்றுகிறது. ரோட்டருக்குள் அலுமினியத்திலோ செம்பிலோ தண்டுகள் இருக்கும். இரண்டு பக்கமும் வளையம் வைத்து அவற்றை இணைத்திருப்பார்கள். பார்க்கக் கூண்டு மாதிரி இருக்கும், அதனால் அதற்கு அணில் கூண்டு என்றே பெயர். சுற்றுகிற புலம் அந்தத் தண்டுகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டத்தால் ரோட்டர் புலத்தின் பின்னாலேயே இழுபட்டுப் போகிறது. வயரும் பிரஷ்ஷும் தேவையே இல்லை.

அதன்பிறகு அவர் மோட்டாரின் பெயர்த்தகட்டைக் காட்டினார். நிமிடத்துக்கு 2880 சுற்று என்று இருந்தது. “50 சைக்கிள் கரண்டுக்கு இந்த மோட்டார்ல 3000 வரோணுங்க டீச்சர். ஆனா வராது. ரோட்டரும் காந்தம் சுத்துற அதே வேகத்துல கூடவே ஓடுச்சுன்னா, அப்புறம் அதை இழுக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதுங்க.”

1831இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் முழுக்க அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. புலம் மாறினால்தான் மின்னோட்டம் வரும். ரோட்டர் பார்க்கிற புலம் மாற வேண்டும் என்றால் ரோட்டர் கொஞ்சம் பின்தங்கித்தான் ஆக வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மனிதர், ஸ்டூலில் உட்கார்ந்தபடி எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். நான் அதுவரை போன எந்தப் பணியிடைப் பயிற்சியிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கடையில் வாங்கிய எரிந்த ஸ்டேட்டரையும் ரோட்டரையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன். வாளித் தண்ணீரில் ஓர் அலுமினிய மூடியை மிதக்கவிட்டோம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்று முதலில் பிள்ளைகளே தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். பிறகு லாட காந்தத்தை நூலில் கட்டி, நன்றாக முறுக்கி, மூடிக்கு மேலே படாமல் சுற்றவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மூடியும் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. அன்றைக்கு மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் 1937இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் கோவையில் உருவானது. நம் ஊர்க் கிணறுகளில் ஓடும் பம்புசெட்டுகளும், கடைவீதியில் விற்கும் கிரைண்டர்களும் அந்த வழியில் வந்தவை. அப்படிப்பட்ட மண்ணில் மோட்டார் பாடம் நடத்துகிற நான், 16 வருடம் ஒரு மோட்டாரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நடத்தினேன். என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களை உள்ளே கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பொருள் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஒரு நிறுவனம் நல்ல தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தது. விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக வளைய சூரிய கிரகணம் கடந்து போனது. நேராக எங்கள் தலைக்கு மேலேதான். சூரியனைத் தொலைநோக்கியால் நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். பிம்பத்தை வெள்ளைக் காகிதத்தில் விழவைத்துப் பத்துப் பேர் ஒன்றாகப் பார்க்கலாம் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. அரையாண்டு விடுமுறையிலும் வந்து சேர்ந்த 23 பிள்ளைகளுக்கு அட்டையில் ஓட்டை போட்டு, சுவரில் விழுந்த சின்ன வளையத்தைக் காட்டினேன். தொலைநோக்கி பீரோவுக்குள்ளேயே இருந்தது. 2031 மே 21இல் தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாக இன்னொரு வளைய கிரகணம் வருகிறது. அதற்குள் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் குறுவள மையத்தில் கூடுகிறோம், கணினி வழியாகவும் பயிற்சி வருகிறது. 2022இல் அரசின் வானவில் மன்றத் திட்டம் வந்த பிறகு ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எளிய பொருள்களை வைத்துச் சோதனை செய்து பார்க்கிறார்கள். எனக்கு அதில் மனசார சந்தோஷம். ஆனால் அதற்கு மேலே உள்ள வகுப்புகளின் பாடங்களுக்குப் புரொஜெக்டரில் காட்டும் படம் போதாது.

உங்களிடம் இருப்பது எங்கள் பாடப்புத்தகமேதான். பத்தாம் வகுப்பில் பயிர்களின் கலப்பினமாக்கல் வருகிறது. பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்கிறார்கள். கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், சாதாரணக் கரும்போடு காட்டு நாணல் இனத்தைக் கலந்து 1918இல் கோ 205 ரகத்தைக் கொண்டுவந்தார்கள். வட இந்தியாவின் கரும்பு வயல்களே அதனால் மாறின. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதால்தான் அந்த நிலையம் இங்கே வந்தது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் வேலை பார்த்த இடம் அது. ஒரு கரும்புப் பூவில் மகரந்தம் எடுத்து இன்னொன்றில் சேர்ப்பதை எங்கள் ஆசிரியர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும், அந்தப் பாடம் வேறு மாதிரி ஆகிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் 2011 நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். எதிர் சவ்வூடு பரவலை, அதாவது ஆர்.ஓ. முறையை, அதைவிடப் பெரிய அளவில் நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது? ஈரோட்டு மஞ்சள், நாமக்கல் முட்டை, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி கொண்டுவரும் பாறைத்தூள், எல்லாவற்றிலும் பாடம் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது பிள்ளைகளை ஓடுகிற மெஷின் நடுவே கூட்டிப்போகச் சொல்ல மாட்டேன். அது ஆபத்து, பெற்றோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆசிரியர்கள் வரட்டும், பிள்ளைகளுக்கு உங்கள் பழைய பொருள்கள் வரட்டும். வெட்டிய பம்பு, எரிந்த காயில், தேய்ந்த பேரிங், பழைய சவ்வு, வார்ப்பு எடுத்த மண் அச்சு. எடைக்குப் போடுவதற்கு முன்னால் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு நொய்யல் தண்ணீரை எடுத்து ஆராய விரும்பும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் நான்கு பாட்டில் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்து, அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஒருவர் கிடைத்தால் போதும். அது இல்லாததால்தான் ஒவ்வொரு வருடமும் கண்காட்சியில் தெர்மாகோல் எரிமலை வருகிறது.

மே மாத ஐந்து நாளுக்கு மேடை, பொன்னாடை, மதிய விருந்து எதுவும் வேண்டாம். பேச்சாளரும் வேண்டாம். காயில் கட்டுகிறவர், வார்ப்பு ஊற்றுகிறவர், ஆய்வகத்தில் மாதிரி சோதிக்கிறவர், இவர்களின் நேரத்தில் கொஞ்சம் கொடுங்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கல்வித் துறை அதிகாரிகள் யாராவது படித்தால், விடுமுறையில் வருகிற ஆசிரியர்களுக்கு இந்த ஐந்து நாளையும் பயிற்சி நாளாகக் கணக்கில் எடுத்து, ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். வீட்டையும் கைக்குழந்தையையும் விட்டு வருகிற ஆசிரியைகளுக்கு அது பெரிய உதவி.

அந்தப் பையன் இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். போன மாதம் பள்ளிக்கு வந்தவன் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். தோட்டத்து மோட்டாருக்கு மூன்று பேஸ் வருகிறது, அதனால் புலம் சுற்றுகிறது, சரி. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாருக்கு ஒரே பேஸ்தானே வருகிறது, அதில் புலம் எப்படிச் சுற்றும்? கப்பாசிட்டரைக் கழற்றினால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறதே, ஏன்? கப்பாசிட்டர் இரண்டாவது காயிலின் மின்னோட்டத்தை முன்னே தள்ளுகிறது என்று படித்து வைத்திருக்கிறேன். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கண்ணில் காட்ட எனக்கு இன்னும் தெரியாது. உங்கள் பட்டறையில் அதைக் காட்டத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். எந்த நாள் வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
பெருந்துறை வட்டாரம்