நெறியாளர் கையெழுத்தும் ஆய்வு மாணவர் வயிறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் ஆய்வு மாணவி நான். இளநிலை ஆய்வு உதவித்தொகையை 2023 ஜனவரி முதல் 37 ஆயிரம் ரூபாயாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உயர்த்தியது. நல்ல முடிவு. ஆனால், மாதந்தோறும் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான நெறியாளர் கையெழுத்திட்டு, பல்கலைக்கழகம் இணையதளத்தில் உறுதிசெய்தால்தான் அது கைக்கு வரும். எனக்குச் சில சமயம் மூன்று மாதம் சேர்த்துதான் வருகிறது. விடுதி மெஸ் கட்டணம் அதுவரை காத்திருக்குமா? தேர்வு மூலம் இந்தத் தொகை பெறாத என் தோழிக்கோ ஒன்றுமே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் மாதம் 8 ஆயிரமாவது கிடைத்திருக்கும்.

அந்தக் கையெழுத்துக்காக நாங்கள் எதையும் செய்கிறோம். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறதென்றால் ஆய்வை மூட்டைகட்டிவிட்டு இரவெல்லாம் கோப்பு தயாரிக்கிறோம். ஆய்வகத்தில் நச்சுப் புகையை வெளியேற்றும் விசிறி ஓடுவதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு குளோரோஃபார்மை ஊற்றுகிறேன். சொன்னால் ‘ஒத்துழைக்காத மாணவி’ என்று பெயர். இந்த நிலையில் நெறியாளரின் கருதுகோள் தவறென்று எந்த மாணவர் வாய் திறப்பார்? கருத்துச் சுதந்திரம் பற்றிய கருத்தரங்குகளில் இதை யாரும் பேசுவதில்லை.

யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுமுன் நிற்கிறோம். அதன் அமைப்பாளரும் நெறியாளர்தான்! வெளித்துறைப் பேராசிரியர்களைக் கொண்ட தனிக் குறைதீர் குழு வேண்டும். உதவித்தொகைக்கான மாதாந்திர உறுதிப்பாட்டை நெறியாளரிடமிருந்து பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். உயர்கல்வித் துறை உடனே செய்யட்டும்.

ஆய்வு மாணவி (பெயர் வெளியிட வேண்டாம்),
மதுரை