பட்டாளத்துக்காரன் என்றால் செக்யூரிட்டி வேலைதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்னாள் படைவீரர்கள் சொந்தத் தொழில் தொடங்க உதவும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்ததில் இருந்து (1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம்) எங்கள் நெல்லிக்குப்பம் பக்கத்தில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் நிறைய பேர் விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் விசாரிக்க வரும்போது பாதிப் பேருக்குக் கையில் இருந்த பணம் ஏற்கெனவே மாடி வீடாகிவிட்டிருக்கும், ஏதோ ஒரு ஏடிஎம் வாசலிலோ கல்யாண மண்டபத்து கேட்டிலோ வேலைக்கும் சேர்ந்திருப்பார்கள். நானும் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்து வந்தவன்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். வெளியே வந்து என்ன செய்வது என்பதை உள்ளே இருக்கும்போதே, கடைசி இரண்டு மூன்று வருடத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் ஊர் நமக்கு ஒரு யூனிபார்ம் தைத்து வைத்திருக்கும்.

செக்யூரிட்டி வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு வங்கியில், பணம் ஏற்றும் வண்டியில் மரியாதையான வேலை கிடைக்கிறது, தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலமாக அரசு நிறுவனங்களில் ஒப்பந்த வேலையும் உண்டு. விரும்பிப் போகிறவர் போகட்டும். ஆனால் 18, 19 வயதில் சேர்ந்தவன் 36, 37 வயதில் வெளியே வருகிறான், இன்னும் 20 வருடத்துக்கு மேல் உழைக்கிற உடம்பு. அவனை கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்கு முன்னால் 'உள்ளே நீ என்னப்பா வேலை பார்த்தாய்' என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா?

சமீபத்தில் ஒரு தம்பி பயோடேட்டா எழுதிக்கொண்டு வந்தார். அனுபவம் என்ற இடத்தில் 'இந்திய ராணுவம், 17 ஆண்டுகள்' என்று ஒரே வரி. அவ்வளவுதானா என்று கேட்டால் 'ஆமாண்ணே, ஸ்டோர்லதான் இருந்தேன்' என்கிறார். உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் ஒவ்வொன்றாக வருகிறது. லெட்ஜர் எழுதியிருக்கிறார், கம்ப்யூட்டரில் இருப்புக் கணக்கு ஏற்றியிருக்கிறார், தணிக்கைக்குப் பதில் சொல்லியிருக்கிறார், ஃபயரிங் முடிந்து வரும் காலித் தோட்டா ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் நகர முடியாது என்ற இடத்தில் வருடக்கணக்கில் நின்றிருக்கிறார். கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி தொழிற்பேட்டைகளிலும் கிடங்கு பார்க்கத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஒற்றை வரியைப் படிக்கிற மேனேஜருக்கு கேட் வேலைதான் ஞாபகம் வரும், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

அப்புறம் அரசு வேலை. பத்தாவதுதான் படித்தேன், எனக்கு யார் தருவார்கள் என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும். 10-வது தேறி, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழும் 15 வருட சேவையும் இருந்தால், பட்டம் கேட்கிற வங்கி கிளார்க் தேர்வை முன்னாள் படைவீரராக எழுதலாம். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், வங்கி, பொதுத்துறை நிறுவனங்களின் குரூப் சி பணிகளில் 14.5 சதவீதமும் நமக்கு ஒதுக்கீடு. வயதும் பிரச்சினையில்லை, சேவை செய்த காலத்தை வயதில் இருந்து கழித்து அதற்கு மேல் 3 வருடம் சலுகை தருகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆக ஒரு வருடம் இருக்கும்போதே மத்திய அரசுப் பணிகளுக்கு விண்ணப்பம் போடலாம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் இதில் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. முன்னாள் படைவீரர் என்ற ஒதுக்கீட்டில் ஒரு சிவில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீட்டை மறுபடி கேட்க முடியாது. மத்திய அரசில் ஒரு வழி உண்டு, வேறு எந்தெந்த வேலைக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறோம் என்று முதல் வேலையில் சேர்ந்தவுடன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'முதலில் கிடைத்ததில் உட்கார், அப்புறம் மாறிக்கலாம்' என்று மாமனார், மச்சான் எல்லோரும் சொல்வார்கள். அந்த அப்புறம் வராது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கலாம், வாங்கினால் அந்தப் பாதி மறுபடி மாதாமாதம் கைக்கு வர 15 வருடம் ஆகும். சொந்தக்காரர் யாரோ பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பார்க்கிறார் என்பதற்காக, பருப்பில் எத்தனை தரம் என்றுகூடத் தெரியாத நாம் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் கொட்டையில் போடக்கூடாது. ஓய்வுக்கு முன் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆர் மூலமாக மறுவேலைவாய்ப்புப் பயிற்சி தருகிறார்களே, அதைக்கூட நம் ஆட்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஊரில் கிடைக்கும் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். குடும்பத்தைப் பிரிந்து கிடந்தவன் ஆசை, புரிகிறது. இருந்தாலும் அந்தப் பயிற்சியால் வேலை கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், 4 வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்கள். 2022-ன் கடைசியிலும் 2023-ன் தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியில் இருந்து 4 வருடம் முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் சேவா நிதி என்று மொத்தமாகத் தருகிற சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, பென்ஷன் இல்லாமல், இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். எங்களுக்காவது மாதம் பிறந்தால் ஏதோ ஒன்று வருகிறது, தப்புக் கணக்குப் போட்டாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பையன்களுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

கடலூர் மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு நடத்துகிற குறைதீர் கூட்டத்திலேயே, இன்னும் பணியில் இருந்து லீவில் வந்திருப்பவர்களுக்கும் ஒரு மேஜை போடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து ஒருவர், முன்னோடி வங்கியில் இருந்து ஒருவர், பயோடேட்டா எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். பொங்கல், தீபாவளியை ஒட்டி வைத்தால் கூட்டம் தானாக வரும். அடுத்த கூட்டத்தில் இதை மனுவாகவே கொடுக்க இருக்கிறேன், அந்த நேரத்தில் லீவில் இருக்கும் தம்பிகள் கையெழுத்துப் போட வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.