கொப்பு வாய்க்கால் பாசன சபை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பாசனதாரப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டுக் கூட்டங்கள் முறைப்படி நடைபெற்றன. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு மேசை மீது உள்ளது. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை எனக் கருதுகிறேன்.

விரிவாகச் சொல்ல வேண்டியது நீர்முறையை, அதாவது யாருக்கு எப்போது தண்ணீர் என்ற ஒழுங்கைப் பற்றியே. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் வரும் தண்ணீர், 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுப் பாசனப் பரப்பை ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகுகள் எனப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்க்கும் மறு பாதிக்குப் புன்செய்க்குமாக ஆண்டுதோறும் மாற்றி விடப்படுகிறது. மதகு வரைக்கும் அரசாணை வருகிறது. அதற்குக் கீழே, கிளையாகப் பிரியும் நம் கொப்பு வாய்க்காலில், இரவு இரண்டு மணிக்கு மடையில் மண்வெட்டியோடு நிற்பவருக்கு, மேல்தோட்டத்துக்காரர் தம் மடையை அடைத்துவிட்டார் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

அந்த நம்பிக்கை இவ்வாண்டு ஒருமுறை உடைந்தது. வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு இரண்டு முறைகள் தொடர்ந்து தண்ணீர் எட்டாததால் நால்வர் டார்ச் விளக்குடன் கரையோரம் நடந்து சென்றபோது, ஓரிடத்தில் தென்னை மட்டைகளுக்கு அடியில் கரையைத் துளைத்துப் பதித்திருந்த குழாயைக் கண்டனர். சம்பந்தப்பட்ட உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் தாமே எழுந்து ஒப்புக்கொண்டு, தமது ஒரு முறைத் தண்ணீரைக் கடைமடைக்கு விட்டுக்கொடுத்தார். அவர் பெயர் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது; இங்கே வாசிக்கப் போவதில்லை.

அதே கூட்டத்தில், தூர்வாரும் பணிக்கான செலவை நான் வாசித்து முடித்ததும், கடைமடைப் பெரியம்மா ஒருவர், "கணக்குச் சரிதானுங்க சாமி, வண்டி யாருதுன்னு நீங்க சொல்லவேயில்லீங்களே?" என்று கேட்டார். பொக்லைன் என் மச்சினருடையது. வாடகை ஊர் நிலவரத்தை விட அதிகமில்லை என்பது உண்மை. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது, குழாய் பதித்தவரைக் கண்டிக்கும் இடத்தில் நான் அமர்ந்திருந்தபோது எவ்வளவு பெரிய குறை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 2012-இல் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டு ஏமாந்த நம் பக்கத்துக் குடும்பங்களில் பலர், விளம்பரத்தை விடவும், சொந்தக்காரர் சொன்னார் என்பதற்காகவே போட்டவர்கள். உறவுக்காக நம்பியதன் வலி ஆறாத ஊரில், உறவை மறைத்த கணக்கை யாரும் எளிதில் ஏற்கமாட்டார்கள்.

ஆகவே இனி எந்தப் பணிக்கும் மூன்று விலைப்புள்ளிகள் பெறவும், நிர்வாகிகளின் உறவினர் இருந்தால் அதை எழுத்தில் பதியவும், தண்ணீர் முறைகளை எழுதிவைக்கும் முறை நோட்டின் நகலை மாரியம்மன் கோயில் சுவரில் வாரந்தோறும் ஒட்டவும் தீர்மானங்கள் முன்வைக்கப்படுகின்றன. தூர்வாரும் பணிக்குழுவிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். என் இடத்துக்குக் கடைமடையிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்