போட்டோ மட்டும் வராது

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் சொன்ன நடையைத் தவிர மற்ற வைத்தியமெல்லாம் நடக்கிறது.

வெள்ளத்துக்கு அனுப்பிய பத்தாயிரத்துக்கு ஒரு போட்டோகூட வரவில்லையே என்று கேட்டிருந்தாய். ஆபீசில் காட்டினால் இன்னும் நாலு பேர் கொடுப்பார்கள் என்று நீ சொல்வதும் சரிதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததோடு போகவில்லை. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து நம் கடலூர்க் கரையோரத்தையும் மூழ்கடித்தது. முதல் நாள் நாங்களும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். வரிசையில் கருவாட்டுக்கூடைக்கார அம்மா ஒருவர் வந்தார். அஞ்சு கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் இருந்த பையைக் கையில் வாங்கியாகிவிட்டது. "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று செல்போனைத் தூக்கினேன். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டார். "போட்டோ வேணாம் தம்பி. சம்பந்தி வூட்ல பார்த்தா எம் பொண்ணுக்குத்தான் பேச்சு." பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போயேபோய்விட்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாரா என்று கேட்க எனக்கு முகமில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பிளஸ் டூ பரீட்சை முடிந்து வீட்டுக்குச் சொல்லாமல் வடலூர் போனோமே? பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது. பசி தாங்காமல் தருமச்சாலைப் பந்தியில் போய் உட்கார்ந்தோம். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்றுவரை அணையவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு கேள்வி கிடையாது. பரிமாறியவரின் கண் இலையில்தான் இருந்தது. நீ மூன்றாம் தடவை சாதம் கேட்டபோதும் அவர் உன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒருத்தன் நம்மை நிற்கவைத்துப் போட்டோ எடுத்திருந்தால்? உங்கப்பா தோலை உரித்திருப்பார்.

அதனால்தான் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் கணக்கு இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அரிசியாகவே கொண்டுவந்து கொட்டினார்கள். அதைப் பொங்கித் தின்ன அடுப்பு எரிய வேண்டுமே! சேறு புகுந்து பர்னரெல்லாம் அடைத்துக் கிடந்தது. மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பதினோரு வீட்டு கேஸ் அடுப்பைச் சரிசெய்தோம், ஒன்றுக்கு 300 ரூபாய். முதல் அடுப்பு நீலமாக எரிந்ததும் அந்த வீட்டுக்காரம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உலை வைக்கத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அப்புறம் 24 போர்வை, ஒன்று 250.

மீதி 700 ரூபாய் என்னிடம் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுது. மெக்கானிக் எழுதிக்கொடுத்த பில்லை இதோடு வைத்திருக்கிறேன். கோழி கிறுக்கிய மாதிரி இருக்கும். ஆபீசில் அதையே காட்டு.

உன்
மச்சான்