டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம்

தோழிகளே, நம் அறிவியல் டீச்சர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். படுக்கையில் இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க முதல் பீரியடுக்கு வந்து, செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை என்று காட்டியவர். பூவும் எலுமிச்சையும் அவர் வீட்டிலிருந்தே வரும்.

மாமியாரை விட்டு நகர முடியாது, விழா மண்டபம் வேண்டாம் என்கிறார். சரி, மயிலாப்பூர் வீட்டுக்கு நாமே போவோம்.

ஆகஸ்ட் 18 நண்பகலில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும் (ஏப்ரல் 24-லும் இப்படித்தான்). நட்ட குச்சிக்கு நிழல் விழாது. அதை டீச்சரோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. 11 மணிக்கே வந்துவிடுங்கள். அன்றைக்காவது அவர் அடுப்படியில் நிற்கக் கூடாது. சாப்பாடு நம் பொறுப்பு. வருபவர்கள் இன்றிரவுக்குள் பெயர் போடுங்கள்.