இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் எங்கள் பையன்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிர்வாகிகளுக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பூந்தமல்லிப் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ரேஸ் பார்ப்பதில் ரொம்ப நாள் ஆர்வம். அதைவிட, என்னிடம் வண்டி விடுகிற பையன்கள் மேல் அக்கறை. அந்த அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என்ன வேலை கேட்டு வருகிறார்கள் என்பதை வைத்தே அன்று ராத்திரி என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடலாம். சைலன்சரை மாற்றச் சொல்வார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். டாப் ஸ்பீடு கூடட்டும் என்று செயின் ஓடுகிற பின் ஸ்பிராக்கெட்டில் பல் குறைத்துப் போடச் சொல்வார்கள். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு விடிவதற்குள் வெளிவட்டச் சாலையிலோ ஈசிஆரிலோ பந்தயம் நடந்து முடிந்திருக்கும். திங்கள்கிழமை ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கி வண்டி வரும். சில வண்டிகளைப் பையனுடைய அப்பாதான் தள்ளிக்கொண்டு வருவார். அவரிடம் எஸ்டிமேட் சொல்வதற்கு வாய் வராது.

போலீஸ் வண்டியைப் பிடிக்கிறது, வழக்குப் போடுகிறது. செய்யத்தான் வேண்டும். சரி, ரோட்டில் ஓட்டாதே என்கிறோம், வேறு எங்கே ஓட்டுவது? பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனாலே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே கட்டிய ரேஸ் ட்ராக் இருக்கிறது. 1990-லிருந்து இருக்கிறது. பக்கத்தில் ஹூண்டாய் தொழிற்சாலை வருவதற்கு முன்பே வந்த ட்ராக் அது. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிற பையன்களில் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

உங்கள் கிளப் தொடங்கிய 1953-லும் அதற்குப் பிறகும் நிலைமை வேறு. செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. கோவை ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் மாதிரியானவர்கள் ஓட்டுவதைப் பார்க்க ஊரே திரண்டு போனதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட ட்ராக்கை நீங்கள் கட்டினீர்கள். இந்தியாவின் முதல் நிரந்தர ரேஸ் ட்ராக் அதுதான். 2005-ல் உலகின் உச்ச கார் பந்தயமான ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் கார் ஓட்டியது அங்கேதான். 2019 பிப்ரவரியில் எம்ஆர்எஃப் சேலஞ்ச் கார் பந்தயப் பட்டத்தை ஒரு பெண் முதல்முறையாக வென்றதும் அங்கேதான். அவர் இங்கிலாந்தின் ஜேமி சாட்விக். ஆனால் சோழவரத்துக்குத் திரண்ட அந்தக் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. நாமும் கூப்பிடவில்லை.

டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் என்ற ரேஸ் ட்ராக்கைப் பெரும் பணம் கொட்டிக் கட்டினார்கள். 2011, 2012, 2013 என்று மூன்றே முறை ஃபார்முலா ஒன் நடந்தது, மூன்றிலும் ஜெர்மனியின் வெட்டல் ஜெயித்தார். அப்புறம் வரித் தகராறில் அது நின்றுபோனது. 2023-ல் உலக பைக் பந்தயமான மோட்டோ ஜிபி வந்தது, மறு வருடம் அதுவும் இல்லை. வெளிநாட்டு ரேஸை மட்டும் நம்பினால் ஒரு ட்ராக்குக்கு இதுதான் கதி. உங்கள் ட்ராக்கை இத்தனை வருடம் காப்பாற்றியது சீசன் தவறாமல் நீங்கள் நடத்துகிற தேசியப் போட்டிகள். அந்த உழைப்பை மதிக்கிறேன்.

ஆணையத்துக்கு: மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன தெரு கார் ரேஸை 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடத்திக் காட்டினீர்கள். என் கடைப் பையன்கள் ஒரு வாரம் அதையே பேசினார்கள். ஆனால் பேசி முடித்ததும் அவர்கள் போனது மறுபடி வெளிவட்டச் சாலைக்குத்தான்.

ட்ராக் என்றாலே ஆபத்து என்று நீங்கள் தயங்கலாம். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஜனவரியில் அனுபவமுள்ள கார் ஓட்டுநர் ஒருவரும், ஆகஸ்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவனும் இருங்காட்டுக்கோட்டையில் போட்டியின்போது இறந்தார்கள். அந்தச் சிறுவனின் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அதனால் நான் கேட்பது போட்டி இல்லை. ஸ்டாப்வாட்ச் வேண்டாம், பரிசு வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 18 வயது முடிந்து லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், ஆணோ பெண்ணோ, சொந்த வண்டியோடு வரட்டும். பத்துப் பத்துப் பேராக, முன்னால் போகிற ஒரு பயிற்சியாளருக்குப் பின்னால் ஓட்டட்டும், திருப்பத்தில் முந்தக் கூடாது. எங்கே பிரேக் பிடிப்பது, வண்டியை எப்படிச் சாய்ப்பது, கண் எங்கே பார்க்க வேண்டும் என்று ஜெகன் குமார் மாதிரி பைக் ரேஸில் தேசிய சாம்பியனான சென்னைக்காரர்கள் சொல்லிக்கொடுத்தால் கேட்காத பையன் கிடையாது.

ட்ராக்கில் எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் போகும். எதிரே லாரி வராது, மீடியன் கிடையாது, லைட் கம்பம் கிடையாது. விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கிறது. திருப்பங்களில் கொடி காட்டி எச்சரிக்கிற மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. அதற்கும் முன்னால் வண்டிச் சோதனை. இன்ஜின் ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட் கழன்று தரையில் ஆயில் சிந்தாமல் இருக்கக் கம்பி போட்டு முறுக்கியிருக்கிறதா, உடைந்தால் சிதறாமல் ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். ஒரு தடவை இந்தச் சோதனையில் நின்ற பையன் தேய்ந்த டயரோடு ஊருக்குள் ஓட்டவே யோசிப்பான்.

தடை பணம்தான். நல்ல ரேஸ் சூட் விலைக்குப் பழைய வண்டியே வாங்கிவிடலாம். சூட், கிளவுஸ், பூட்ஸ் எல்லாவற்றையும் ஆணையம் வாங்கி வைத்து, குறைந்த வாடகைக்குக் கொடுக்கட்டும். மருத்துவக் குழு, இன்சூரன்ஸ் செலவையும் ஆணையமே ஏற்கட்டும். ட்ராக்கும் பயிற்சியாளர்களும் கிளப்பின் பங்கு. அறிவிப்பு தமிழில் வரட்டும், பூந்தமல்லியிலிருந்து பார்வையாளர்களுக்கு ஒரு பஸ் விடுங்கள். பெற்றோர் வந்து கண்ணால் பார்க்கட்டும்.

மழைக்காலம் முடிந்து, ஜனவரியில் முதல் ஞாயிறை அறிவியுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளுக்கு பிரேக், டயர், செயின் பார்த்துச் சரிசெய்து அனுப்பும் வேலையை என் ஒர்க்‌ஷாப்பில் கூலி வாங்காமல் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
பூந்தமல்லியிலிருந்து ஒரு மெக்கானிக்